எடை சரியாக இருந்த நாய்

“எடை சரியாத்தானே இருந்துச்சு தாயி? பெறகு ஏன் செத்தான்?”

கோமதிநாயகம் வந்து நின்றதும் கேட்டது இதைத்தான். நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை இல்லை. ஆவணி வெயிலில் நாலு மைல் நடந்து வந்த மனுசர், ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

மாடத்தி ஆடுகளுக்குக் கருவேலங்காய் உதறிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்கார வரல. பதில் சொல்லு.”

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பருத்தி மில்லில் மூட்டை நிறுக்கிற வேலை. முப்பது வருசமாகத் தராசும் தானுமாக வாழ்ந்ததில், எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. பெண் பார்க்கப் போன வீட்டில் ‘பொண்ணு எத்தனை கிலோ’ என்று கேட்டவர் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவர் மனைவி பூரணம் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

மாடத்திக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். ஆடு மேய்க்கிறவள். கூடவே ஆறேழு சிப்பிப்பாறை நாய்களும் வளர்க்கிறாள். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒரு நாய் ஓடத் தகுதியா இல்லையா என்று கேட்டால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் கை சொல்வதுதான் முடிவு.

சித்திரையில் கண்மாய் வற்றியதும் அங்கே நாய் ஓட்டம் நடக்கும். இந்தக் கரையில் ஒருத்தர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கரையில் நாய்க்காரர் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். விட்டதும் நாய் கண்மாயின் குறுக்கே பறக்கும். எது முதலில் தன் ஆளிடம் போய்ச் சேருகிறதோ அது ஜெயித்தது.

ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு நாயையும் மாடத்தி தொட்டுப் பார்ப்பாள். சரி என்றால் நெற்றியில் ஒரு மஞ்சள் பொட்டு. சரியில்லை என்றால் வாயைத் திறக்காமல் அடுத்த நாய்க்குப் போய்விடுவாள். பொட்டு இல்லாத நாயை யாரும் அவிழ்த்துவிடக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

போன சித்திரையில் கோமதிநாயகத்தின் நாய் செம்பனுக்கும் அவள் பொட்டு வைத்தாள்.

செம்பன் ஓடினான். முக்கால் கண்மாய் வரைக்கும் அவன்தான் முதல். அப்புறம் கால் பின்னியது. விழுந்தான். கோமதிநாயகம் கூப்பிட்டார். எழுந்தான். மறுபடி விழுந்தான். மறுபடி கூப்பிட்டார். எப்படியோ வந்து சேர்ந்தான். அவர் காலடியில் படுத்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அன்றோடு மாடத்தி ஓட்டக் களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட வந்தவர்களிடம் ‘ஆடு ஈன்றிருக்கு’ என்றாள். நாலு மாசமாகவா ஒரே ஆடு ஈனும் என்று யாரும் கேட்கவில்லை.

கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மில் தராசுச் சீட்டு. மடித்து மடித்து நைந்து போயிருந்தது.

“இருபத்து நாலு கிலோ இருநூறு. முந்தின வருசம் ஜெயிச்சான்ல, அப்பவும் அதே இருபத்து நாலு இருநூறு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீயும் தொட்டுப் பாத்துத்தான் பொட்டு வச்ச. எடையும் சரி, பொட்டும் சரி. அப்ப தப்பு எங்க?”

மாடத்தி சீட்டை வாங்கவில்லை.

“வெயிலுங்கான் ஒருத்தன். கண்ணேறுங்கா எம் பொண்டாட்டி. எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் அவனைக் கொன்னேனா, இல்லையா? அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

மாடத்தி தரையைப் பார்த்தாள்.

“எனக்கு நாய் பாக்கச் சொல்லிக் குடு தாயி. நானே கண்டுபிடிச்சுக்கிடுதேன்.”

“எங்கிட்டயா?”

“வேற யாருகிட்டப் போக?”

“நாய் இல்லாம நாய் பாக்கப் படிக்க வந்திருக்கீக.”

“வளக்கத் தகுதி இருக்கான்னு தெரியாம இன்னொண்ண எப்படி வளக்க?”

ஒரு ஆட்டுக்குட்டி வந்து மாடத்தியின் சேலையைக் கடித்து இழுத்தது. விலக்கிவிட்டாள்.

“சரி. என்ன கேக்கணுமோ கேளுங்க.”

“ஒரு நாய் எத்தனை கிலோ இருக்கணும்?”

மாடத்தி இடது கையை நீட்டி விரல்களை விரித்தாள். வலது கை விரல்களால் புறங்கையை ஒரு தடவு தடவினாள். பிறகு கையை மடக்கி, விரல் மொளிகளின் மேல் ஒரு தடவு. பிறகு கையை விரித்துத் திருப்பி, உள்ளங்கையில் ஒரு தடவு.

“வீட்டுக்குப் போயி இதைத் தடவிக்கிட்டே இருங்க. ஞாயித்துக்கிழமை வாங்க.”

சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

*

ஒரு வாரம் கோமதிநாயகம் தன் கையைத் தானே தடவிக்கொண்டு திரிந்தார்.

“என்ன, கையில சொறியா?” என்றாள் பூரணம்.

“பாடம்.”

“நல்ல பாடம் போங்க.”

ஞாயிற்றுக்கிழமை போய் நின்றார்.

“ஒண்ணும் புரியல. கேலி பண்ணுதியா?”

மாடத்தி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். அதாலேயே அவர் கண்ணைக் கட்டினாள். கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தாள்.

“நீட்டுங்க.”

கையில் சூடான ஒரு உடம்பு பட்டது. வால் ஒன்று அவர் முழங்காலில் அடித்தது.

“விலாவைத் தடவுங்க.”

எலும்பு ஒவ்வொன்றும் விரலில் முட்டியது. இது அவருக்குத் தெரிந்த முட்டல். ஒரு வாரமாகத் தடவியது அல்லவா.

“மடக்கின கை!” என்றார்.

“குட்டி போட்ட நாய் அது. ஆறும் உறிஞ்சி எடுத்திருச்சு. கூடக் குடுத்துத் தேத்தணும். இந்தா, அடுத்தது.”

இதில் எலும்பையே காணோம். மெத்து மெத்தென்று போனது.

“உள்ளங்கை.”

“பூசாரி வீட்டு நாய். கோயில் கொடை முடிஞ்சு பத்து நாளா எலும்பும் கறியும்தான், எளைக்கட்டும்னு எங்கிட்ட விட்டிருக்காக. இதைப் பிடிங்க.”

மூன்றாவதின் மேல் கை போனது. மெல்லிய தோல். அதற்கு அடியில் எலும்புகள் வரிசையாக, அழுத்தாமலே தட்டுப்பட்டன.

“புறங்கை.”

“அது போதும்.”

துண்டை அவிழ்த்தார். நாலு மாசத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“செம்பனுக்கும் புறங்கைதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவன் விலாவைத் தடவாம நான் படுத்ததே இல்ல.”

“ஆமா.”

“அப்ப எடையும் சரி, விலாவும் சரி. பெறகு ஏன் செத்தான்?”

“நாளைக்குக் காலம்பற வாங்க. வேலைக்குப் போறதுக்கு முந்தி.”

*

விடிந்ததும் மாடத்தி நாய்களை நடத்துவாள். கரட்டு மேட்டில் ஏறி, ஓடையில் இறங்கி, உழவு போட்ட புழுதி வழியாகத் திரும்பி வருவாள். கோமதிநாயகம் பின்னால் ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

திரும்பி வந்ததும் நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

“எது முதல்ல வாயை மூடுதுன்னு பாருங்க.”

அவர் பார்த்தார். கறுப்பு முதலில் மூடியது. அடுத்து சாம்பல். பூசாரி வீட்டு நாய் கடைசி.

“இல்ல அண்ணாச்சி, அதுக்கும் பெறகு ஒரு ஆளு இருக்கு.”

“யாரு?”

“நீங்கதான். இன்னும் மூடல.”

அவரும் சிரித்துவிட்டார். சிரிக்கவும் மூச்சு இல்லை.

“இப்பத் தொடையைப் பிடிங்க. கறுப்பன் தொடையை முதல்ல.”

பிடித்தார். கல்லுக் கணக்காகக் கெட்டி. விரலுக்குள் நிற்காமல் நழுவியது.

“இப்பப் பூசாரி வீட்டுக்காரன்.”

தொளதொளவென்று நனைந்த துணியைப் பிடித்த மாதிரி இருந்தது.

“தராசுல வச்சா ரெண்டும் எடைதான்,” என்றாள் மாடத்தி. கஞ்சிப் பானையை எடுக்கப் போனாள்.

மறுநாள் அவர் ஒரு சின்னத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கம்பங்கூழும் மோரும், நேற்று வாங்கிய ஆட்டுக்குடலும் பானையில் இருந்தன.

“ஒரு நாய்க்கு எத்தனை கிராம்?”

மாடத்தி தராசைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கறுப்பனுக்கு மூன்று அகப்பை ஊற்றினாள். சாம்பலுக்கு இரண்டு. குட்டி போட்டதற்கு நாலும் ஒரு முட்டையும்.

நாலு நாள் கழித்து மழை. அன்றைக்குக் கறுப்பனுக்கு ஒன்றரை அகப்பைதான் விழுந்தது.

“இது என்ன தாயி, ஒரு நாளைக்கு மூணு, ஒரு நாளைக்கு ஒண்ணரை? உனக்கு ஒரு ஒழுங்கே கிடையாதா?”

“அவன் இன்னைக்கு நடக்கல. ஆனா எத்தனை நாளைக்கு இப்படிக் குறைச்சுக்கிட்டே போக முடியும்? நாளைக்கு மழை விட்டதும் நடத்திறணும்.”

“நானும் அப்படித்தான் செஞ்சேன்,” என்றார் கோமதிநாயகம். சொல்லும்போது அவருக்குப் பெருமைகூட வந்தது. “தை மாசம் மில்லுப் படியில வழுக்கிக் காலை முறிச்சுக்கிட்டேன்ல? மூணு மாசம் கட்டில்ல. செம்பனை நடத்த ஆள் இல்ல. பூரணத்தால அவனைப் பிடிக்க முடியாது. கட்டிப் போட்டோம். கட்டிப் போட்டா எடை ஏறிரும்னு எனக்குத் தெரியாதா? படுத்துக்கிட்டே கணக்குப் போட்டுத் தீனியைக் குறைச்சேன். ஒரு இம்மி ஏற விடலையே.”

மாடத்தி அகப்பையைப் பானைக்குள் போட்டாள். எழுந்து ஆட்டுக் கொட்டகைக்குள் போனவள் திரும்பி வரவே இல்லை. அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு மில்லுக்குப் போனார்.

*

ஐப்பசியில் ஒரு நாள் டவுனிலிருந்து ஆட்டோவில் ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பெட்டை. பெயர் பவுனு. மாடிவீட்டில் வளர்ந்தது. அவர்கள் சென்னைக்குக் குடி போகிறார்களாம், அங்கே இடம் இல்லையாம்.

அப்போது கோமதிநாயகம் மாடத்தி வீட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பவுனு புது இடத்தை மோந்துகொண்டே தரையில் நடந்தது.

டக். டக். டக். டக்.

அவர் கையிலிருந்த கூழ்க் கும்பா கீழே இறங்கியது.

“இது என்ன சத்தம்?”

மாடத்தி பவுனின் காலையே பார்த்தாள்.

“உன் நாய் ஒண்ணுகூட இப்படி நடக்காதே. இது என்ன சத்தம் தாயி?”

“காலைத் தூக்கிப் பாருங்க.”

தூக்கிப் பார்த்தார். நகம் வளைந்து நீண்டிருந்தது. நடந்து தேயாத நகம். பாதத்தை அமுக்கினார். பச்சைப் பிள்ளை பாதம் மாதிரி மெத்தென்று இருந்தது. அவர் கை தானாக விலாவுக்குப் போனது. புறங்கை. அச்சு அசல் புறங்கை. கை மெல்லத் தொடைக்கு இறங்கியது.

நனைந்த துணி.

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வேறொரு வீட்டுத் தரை ஞாபகம் வந்தது. கட்டு போட்ட காலோடு அவர் கட்டிலில் கிடக்கிறார். அறைக்கு வெளியே சங்கிலி நீளத்துக்குச் செம்பன் போகிறான், வருகிறான். டக் டக் டக். அந்தச் சத்தம் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! ‘கேட்டியா பூரணம், என் பையன் கொலுசு போட்டுக்கிட்டு நடக்கான்’ என்று சிரித்திருக்கிறார். தை முழுக்கக் கேட்டார். மாசி முழுக்கக் கேட்டார். பங்குனியிலும் கேட்டார்.

“சதை போயிருக்கு,” என்றார். “கொழுப்பு வந்திருக்கு. ஏறுனதும் எறங்குனதும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயி, நம்பர் மட்டும் அப்படியே நின்னிருக்கு.”

மாடத்தி அவர் கும்பாவை ஓரமாக நகர்த்தினாள்.

“ஓட்டத்துக்குப் பத்து நாள் முந்தி நகத்தை வெட்டுனேன். நீ பொட்டு வைப்பியே, லட்சணமா இருக்கணும்னு வெட்டுனேன். காட்டிக் குடுத்திருக்க வேண்டியதையே வெட்டிப் போட்டேன்.” அவர் வாய் கோணியது. “கூப்பிட்டேன். விழுந்து கிடந்தவனை எந்திரி எந்திரின்னு கூப்பிட்டேன். நான் கூப்பிட்டா அவன் வராம இருப்பானா?”

பெரிய மனுசர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பவுனு வந்து அவர் முழங்கையை நக்கியது.

“நான்தான் கொன்னேன், இல்ல?”

மாடத்தி இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவள் உதடு எதற்கோ திறந்தது. மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து, பவுனின் கயிற்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“இதை நடத்திக்கிட்டுப் போங்க. முதல் நாளு ஓடை வரைக்கும் போதும்.”

*

ஐந்து மாசம் நடந்தார்கள். முதலில் ஓடை வரைக்கும். அப்புறம் கரட்டு அடிவாரம். அப்புறம் மேடு. பவுனின் நகம் தேய்ந்தது. பாதம் காய்ந்து தடித்தது. வீட்டுத் தரையில் அது நடந்தால் சத்தமே கேட்காது. ‘என்ன, நாய் உள்ள வந்ததே தெரியல’ என்று பூரணம் ஒருநாள் குறைப்பட்டாள். கோமதிநாயகத்துக்கு அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

பங்குனிக் கடைசியில் ஓட்டக் கமிட்டிக்காரர்கள் மாடத்தியைத் தேடி வந்தார்கள்.

“ஆடு ஈன்றிருக்கு,” என்றாள்.

“அப்பப் பொட்டு யாரு வைக்க?”

மாடத்தி கோமதிநாயகத்தைக் காட்டினாள்.

அவர் பதறிப் போனார். “ஏய், நானா? என் நாயைக் கொன்னவன் நான்.”

“அதனாலதான்,” என்றாள். மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“நீயும் கூட வருவியா?”

“வாறேன். தூரத்துல நிப்பேன்.”

*

சித்திரை. விடியற்காலையிலேயே கண்மாய்க் கரையில் கூட்டம். பதினேழு நாய்கள். மாடத்தி நூறடி தள்ளி, ஒரு உடைமரத்தடியில் தன் ஆடுகளோடு நின்றாள். இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

கோமதிநாயகம் முதலில் பவுனைத் தொட்டுப் பார்த்தார். தொடை கெட்டிப்பட்டிருந்தது. ஆனால் கறுப்பன் தொடை மாதிரி விரலுக்குள் இன்னும் நழுவவில்லை. பொட்டு வைக்காமல் மரத்தில் கட்டிவிட்டு அடுத்த நாய்க்குப் போனார்.

“சொந்த நாய்க்கே இல்லையா!” என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் ஒரு மரியாதை வந்தது.

பவுனோடு சேர்த்து எட்டு நாய் பார்த்தார். ஆறுக்குப் பொட்டு. இரண்டுக்கு இல்லை. ஒன்பதாவது ஆசீர்வாதத்தின் நாய்.

ஆசீர்வாதம் லாரி டிரைவர். நாலு மாசமாக வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தவன், இந்த ஓட்டத்துக்காகவே லீவு போட்டு முந்தாநாள் வந்திருந்தான். அவன் நாய் அவனைத் தவிர எதையும் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் வாலாக ஆடிக்கொண்டு நின்றது.

“நல்லாப் பாருங்க அண்ணாச்சி. எங்கம்மா அளந்து அளந்துதான் தீனி குடுத்திருக்கா. நேத்து உங்க மில்லுலயே நிறுத்துட்டு வந்தேன். இந்தா சீட்டு. போன வருசம் என்ன எடையோ அதே எடை.”

கோமதிநாயகம் சீட்டைப் பார்க்கவில்லை. விலாவைத் தடவினார். புறங்கை. தொடையைப் பிடித்தார்.

கை அங்கேயே நின்றது.

“யாரு நடத்துனா?”

“நடத்த யாரு இருக்கா? அம்மாவுக்கு மூட்டு வலி. ஆனா ரெண்டு நாளா நான் கூட்டிட்டுப் போறேன்ல, என்னமா வருது தெரியுமா!” ஆசீர்வாதம் கிட்டே வந்தான். குரல் தழைந்தது. “அண்ணாச்சி, நாளைக்கு விடிஞ்சா திரும்ப லாரி ஏறணும். இனி ஆறு மாசம் ஆகும். அந்தக் கரையில நின்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துருதேன். இது என்கிட்ட ஓடி வாறதை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன்.”

அவன் கண் கலங்கியிருந்தது.

“வச்சு விடுங்க அண்ணாச்சி, பாவம்,” என்றது கூட்டம். “நாயைப் பாருங்க, எப்படித் துடிக்குது!”

கோமதிநாயகம் விரலை மஞ்சளில் தொட்டார்.

விரல் மேலே வந்தது. அவர் தூக்கினாரா, தானாக வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு லேசாக வந்தது. எல்லோரும் அவரைப் பிரியமாகப் பார்த்தார்கள். இடது கை மட்டும் இன்னும் அந்தத் தொடையின் மேலேயே இருந்தது.

போன சித்திரையில் இதே இடத்தில் ஒரு கை இப்படித்தான் நின்றது. அவர் ஊன்றுகட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூணு மாசமாகக் கட்டிலில் கிடந்ததையும், இந்த ஒரு நாளுக்காகவே எழுந்து வந்ததையும் சொன்னார். சீட்டைக் காட்டினார். மாடத்தியின் கை செம்பனின் தொடையில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. தன் நாயின் உடம்பை மெச்சுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கோமதிநாயகம் விரலை வேட்டியில் துடைத்தார். அடுத்த நாய்க்கு நகர்ந்தார்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை.

“யோவ்!” என்று கத்தினான் ஆசீர்வாதம். “உன் நாய் செத்துப் போச்சுன்னு ஊர்ல ஒருத்தன் நாயும் ஓடக் கூடாதா? வயித்தெரிச்சல் பிடிச்ச மனுசா!”

அவர் திரும்பவில்லை. கத்தி ஓய்ந்து, ஆசீர்வாதம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கரையிறங்கிப் போனான். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனான். நாய் அவனைச் சுற்றிச் சுற்றித் துள்ளிக்கொண்டு போனது. அதற்கு எல்லாம் சந்தோசம்தான்.

அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கோமதிநாயகம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உடைமரத்தை நோக்கி நடந்தார்.

மாடத்தி திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கு உன் கைக்குத் தெரிஞ்சுச்சா?”

அவள் தலையைக் குனியவில்லை.

“தெரிஞ்சுச்சு அண்ணாச்சி.”

“தெரிஞ்சுமா வச்ச?”

“கட்டையை ஊனிக்கிட்டு நின்னீக. பாவமா இருந்துச்சு.”

ஆடுகள் காயைக் கொறித்தன. கரையில் யாரோ ‘நேரமாகுது, வெயில் ஏறுது’ என்று கூவினார்கள்.

“இத்தனை மாசம் எங்கிட்டச் சொல்லல.”

“வாய் வரைக்கும் வரும். நீங்க அழுதீகள்ல, அன்னைக்கும் வந்துச்சு.” அவள் தன் வலது கையைப் பார்த்தாள். “பெறகு இந்தக் கையால களத்துல எந்த நாயையும் தொட எனக்குத் துணியல.”

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. அந்தக் கிண்ணத்தை அவள் முகத்தில் விட்டெறிந்தால் என்ன என்றுகூட வந்தது. குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். துடைத்த இடத்தில் மஞ்சள் ஒரு விரல் அகலத்துக்கு ஈரமாக இருந்தது.

அவர் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

“இன்னும் எட்டு நாய் நிக்குது,” என்றார். “வா தாயி.”